மாப்பிள்ளை வீட்டு அம்மா

வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை, வாசல் தேடி வரும் மருத்துவம் என்று இப்போது பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். நோயாளியை ஆஸ்பத்திரியில் அடைத்துப் போடாமல் குடும்பத்தோடு விட்டால் நன்றாகத் தேறுகிறாராம், ஆராய்ச்சியில் தெரியவந்திருக்கிறதாம். என்னவோ நேற்றுத்தான் கண்டுபிடித்தது மாதிரி. படிக்கப் படிக்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அறுபதுகளின் தொடக்கத்திலேயே, பெங்களூர் அல்சூரில், அப்படி ஒரு ஆராய்ச்சியின் பலன் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. என் உயிரைக் காப்பாற்றியது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது வந்தபோது நாங்கள் அடித்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு டீச்சர். அப்பா ராணுவக் கிடங்கில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டாள். நாங்கள் குடியிருந்தது ஒரு வட்டாராவில். பெங்களூரில் அப்படித்தான் சொல்வார்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் ஒட்டினாற்போல் எட்டுக் குடித்தனம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், கோடியில் இரண்டு கக்கூஸ். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எட்டு வீடும் தும்மும். ரகசியம் என்ற பண்டம் அங்கே ஒரு பொழுது தாங்காது, ஊசிப்போய்விடும்.

எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். முப்பதைத் தாண்டியவள். புருஷன் ஜட்கா வண்டி ஓட்டினான். அவள் வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டினாள். கரித்தூள் மாவைப் பிசைந்து, மூங்கில் குச்சியில் வைத்து, பலகை மேல் ஒரு உருட்டு. விரல் நுனியிலிருந்து மூக்குத் துவாரம் வரை கறுப்பு. குழந்தை இல்லை. அதனால் வளைகாப்பு, நலங்கு என்று வட்டாராவில் ஏதாவது நடந்தால் அவளை முன்னால் நிற்க விடமாட்டார்கள். கூப்பிடாமலும் இருக்கமாட்டார்கள், ஏனென்றால் பந்தியில் பரிமாற அவளைப் போல வேகமான கை யாருக்கும் கிடையாது. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைப் படித்துச் சொல்வேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் இருமினால், "சாக்பீஸ் தூளு" என்பாள். அவள் இருமினால், "கரித்தூள்" என்பேன். இப்படி ஒருவருக்கொருவர் வைத்தியம் பார்த்துக்கொண்டோம்.

ஒரு நாள் காலையில் நான் துப்பிய சளியில் சிவப்பாக ஒரு இழை தெரிந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு என்னைத் தர்ம ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். முக்காடு போடும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அல்சூரில் யார் கண்ணிலும் படக்கூடாதென்று போட்டாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி எடுத்தார்கள். டாக்டர் தமிழர்தான். டி.பி. என்று சொன்னார். அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் ஒன்றுதான்.

"பயப்படாதீங்கம்மா" என்றார் டாக்டர். "முன்னயெல்லாம் சானடோரியத்துக்கு அனுப்பிடுவோம். இப்ப அது வேணாம். மெட்ராஸ்ல ஆராய்ச்சி பண்ணிப் பார்த்துட்டாங்க. வீட்டுல இருந்தே ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டாலும் அதே மாதிரி குணமாகுது. கூட இருக்கறவங்களுக்கும் அதனால ஜாஸ்தியா ஒட்டறதில்ல. ஒரு வருஷம். ஒரு நாள்கூட விடக்கூடாது. எங்க ஹெல்த் விசிட்டர் அப்பப்ப வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க."

அம்மாவின் முகம் அப்போதுதான் உண்மையாகவே வெளுத்தது.

"வீட்டுக்கா? வேணாம் சார். எப்படியாவது சானடோரியத்துலயே ஒரு படுக்கை குடுத்துடுங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. எல்லாரும் சானடோரியம் வேண்டாமென்று அழுவார்கள், இந்த அம்மாள் வேண்டுமென்று அழுகிறாளே என்று பார்த்தார். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றுதான் அம்மா எனக்குச் சொன்னாள். "அங்க போயிருந்தா, டிரெயினிங்குக்குப் போயிருக்கா, ஊருக்குப் போயிருக்கான்னு எதையாவது சொல்லியிருக்கலாம். இப்ப உன்னை எங்கடி ஒளிச்சு வெப்பேன்?"

ஆராய்ச்சி செய்தவர்கள் நுரையீரலைப் பார்த்தார்கள், சளியைப் பார்த்தார்கள், பக்கத்தில் படுத்தவர்களுக்கு ஒட்டுகிறதா என்று பார்த்தார்கள். பெரிய காரியம், நான் கும்பிடுகிறேன். ஆனால் எட்டுக் குடித்தனத்துக்கு நடுவில் ஒரு கல்யாணமாகாத பெண் ஒரு வருஷம் டி.பி. மாத்திரை தின்பது எப்படி என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. வீட்டுக்காரர் காதுக்குப் போனால் குடி கிளப்பிவிடுவார். பள்ளிக்கூடத்துக்குப் போனால் வேலை போகும். பெண் பார்க்க ஒரு ஈ காக்கை வராது. சளி சுத்தமாகும்வரை பிள்ளைகள் பக்கம் போகாதே என்று டாக்டர் சொன்னதால், டைபாய்டு என்று சொல்லிப் பள்ளியில் லீவு வாங்கினோம். வட்டாராவுக்கும் டைபாய்டுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையை நானும் அம்மாவும் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டோம்.

ஹெல்த் விசிட்டர் முதல் தடவை வந்தது ஒரு மத்தியானம். கன்னடக்காரர், நாற்பது வயது இருக்கும். மெல்லிய கரை போட்ட வெள்ளைப் புடவை, தோளில் பை, வெயிலுக்குக் குடை. முற்றத்தில் நின்று என் பெயரைச் சொல்லி, "அவங்க மனை எது?" என்று கேட்டார். குழாயடியில் இருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள். என்னைப் பார்த்து, கண்ணிமையைப் பார்த்து, நன்றாகச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று விசாரித்து, மாத்திரைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, அம்மாவிடமும் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் எதிர் வீட்டம்மாள் கேட்டாள், "யாருக்கா அந்தம்மா?"

அம்மா திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

"மாப்பிள்ளையோட பெரியம்மா. ஆஸ்பத்திரில வேலை. பொண்ணைப் பாத்துட்டுப் போக வந்தாங்க."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் விஷயம் அப்பாவுக்குத் தெரிந்தது. "ஏண்டி, நோவு பத்தாதுன்னு பொய் வேறயா?" என்றார்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. நான் கல்யாணமே இல்லாம ஒரே ஒரு பொய்தானே சொன்னேன்" என்றாள் அம்மா.

அப்பா அதற்குச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்த ஒரு நாள் மட்டும்தான் அதற்குச் சிரிக்க முடிந்தது.

நாங்கள் எதிர்பார்க்காதது வட்டாராவின் நல்ல மனசு. பகையாக இருந்திருந்தால் சமாளித்திருப்போம். அடுத்த தடவை அந்த அம்மாள் வந்தபோது எதிர் வீட்டிலிருந்து பூப்போட்ட பீங்கான் கப்பும் சாஸரும் வந்தன. கோடி வீட்டிலிருந்து மல்லிகைச் சரம் வந்தது. நான் வேண்டாமென்று சொல்லச் சொல்லத் தலையில் வைத்துவிட்டார்கள். மாத்திரை வயிற்றைப் பிரட்டிக்கொண்டிருந்த நேரம். மல்லிகை வாசனைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஆனால் எல்லாவற்றையும் மிஞ்சியது பக்கத்து வீட்டு அக்கா செய்ததுதான். வாசலிலேயே அந்த அம்மாளை மடக்கிக்கொண்டாள். உள்ளே இருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"பொண்ணு தங்கம்ங்க. கண்ணை மூடிக்கினு பண்ணுங்க. நான் பக்கத்து வூட்லதான் இருக்கேன், எனக்குத் தெரியாதா? ஒரு தலைவலி காய்ச்சல் கெடையாது. டைபாய்டு வந்துச்சு, யாருக்குத்தான் வரல? இருமல் கிருமல்னு எவளாவது சொன்னா நம்பாதீங்க. நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்ல."

என் இருமலை உலகத்திலேயே அதிகம் கேட்டவள் அவள்தான். அந்த அம்மாள் உள்ளே வந்து உட்கார்ந்து குடையை மடக்கினார். முகத்தில் ஒன்றுமே ஓடவில்லை.

"இதேனு, என்ன மா இது? யாருக்குக் கல்யாணம்?"

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்பார்களே, அதை அன்றைக்குத்தான் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "நான் சுள்ளு சொல்றதில்ல மா. பொய் எனக்கு வராது. கேட்டாங்கன்னா சும்மா சிரிக்கறேன். அவ்வளவுதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாச்சிகே பேடா" என்றார். வெட்கப்படாதே என்று கன்னடத்தில் அர்த்தம். அதைக் கேட்டதும் இருந்த வெட்கம் இரட்டிப்பானது.

அவர் எப்போது வருவார் என்று சொல்லிவிட்டு வரமாட்டார். அதுதான் அவர்கள் வேலை செய்யும் முறை. மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் போடுகிறவர்கள் இருந்ததால், திடீரென்று வந்து ஒரு சின்னப் பாட்டிலைக் கொடுத்து மூத்திரம் பிடித்து வரச் சொல்வார். மருந்து உடம்புக்குள் போயிருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். முறை நல்ல முறைதான். எங்கள் கக்கூஸ் முற்றத்தின் கோடியில் இருந்தது என்பதுதான் சங்கடம். முதல் தடவை பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தலையில் மல்லிகையோடு, அத்தனை பெண்களுக்கும் நடுவில் நடந்து போனேன். அங்கே இரண்டு பேர் வாளியோடு முறைக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா தன் வாசலிலிருந்து கரிக் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"வழி வுடுங்கடி! மாப்ள வூட்டு ஆளுங்க உக்காந்திருக்காங்க, பொண்ணுக்கு வயிறு கலக்குதோ இன்னாவோ!"

எல்லாரும் சிரித்து வழி விட்டார்கள். திரும்பி வரும்போது நடந்த வேகத்தில் முந்தானை நழுவியது. பாட்டில் தெரிந்தது. அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் முன்னால் வந்து, என்னை மறைத்துக்கொண்டே எங்கள் வாசல் வரை நடந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரியாகப் பார்த்திருக்கமாட்டாள் என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாசங்கள் போயின. எனக்கு இருமல் நின்றது, கன்னம் நிறைந்தது. சளியில் கிருமி இல்லை என்றார்கள், பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். மாத்திரையை மட்டும் வருஷம் முடியும்வரை விடக்கூடாது. என் முகத்தைப் பார்த்து, கல்யாணக் களை வந்துவிட்டது என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். எப்போது நிச்சயம், எப்போது முகூர்த்தம் என்று நச்சரித்தார்கள். ஆடி போகட்டும் என்றாள் அம்மா. புரட்டாசி கழியட்டும் என்றாள். பிறகு மார்கழி வந்தது. நல்லவேளையாகத் தமிழ் வருஷத்தில் கல்யாணத்துக்கு ஆகாத மாசங்கள் நிறையவே இருக்கின்றன.

தை பிறந்து ஒரு சாயங்காலம் அக்கா எங்கள் சமையற்கட்டுக்குள் வந்தாள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அக்கா சுவரோரமாக உட்கார்ந்தாள். அவள் இளைத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. தினம் பார்க்கிறவள்தான். நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிய பிறகு அவளுக்குக் கதை படித்துச் சொல்வதையும் விட்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தால் ஏதாவது கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

"கண்ணு, அந்த மாப்ள வூட்டு அம்மா அடுத்த தபா வந்தா எங்க வூட்டுக்கும் ஒரு தபா வரச் சொல்றியா?"

நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

"எனக்கும் ரெண்டு மாசமா ரத்தம் வருது. எங்க வூட்டு ஆளுக்குத் தெரியாது. ஒனக்குச் சரியாப் போச்சுல்ல, அந்த மாத்திரையிலதானே?"

"எப்ப இருந்துக்கா தெரியும்?" என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும். எங்க பெரியம்மா மக இதுலதான் போனா. அந்த இருமல் எனக்குத் தெரியாதா?" என்றாள். "ஒனக்குத் தெரியவேணாம்னு இருந்தேன். சங்கடப்படுவியே."

அவளுக்குத் தெரியக்கூடாதென்று நாங்கள் இத்தனை மாசமும் நாடகம் ஆடினோம். அவளுக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியக்கூடாதென்று அவள் ஆடியிருக்கிறாள். அதைவிட மோசம், தனக்கு ரத்தம் வந்த பிறகும் இரண்டு மாசம் பொறுத்திருக்கிறாள். கேட்டால் எங்கள் குட்டு உடையுமே என்று. நான் அழுதேன். அவள், "அடச்சீ, கல்யாணப் பொண்ணு அழலாமா?" என்று கேலி செய்து, இருமி, முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள்.

அந்த அம்மாள் வந்தார். அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அதேதான். மாத்திரை தொடங்கினார்கள். "என்கிட்டே இருந்தா ஒட்டிச்சு?" என்று அவரைத் தனியாகக் கேட்டேன். "யாரு சொல்ல முடியும் மா? ஊர்ல எங்கே பார்த்தாலும் இருக்கு" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத்தான் பொய் வராதே.

மறுநாள் காலை குழாயடியில் அக்கா தானாகவே வாயைத் திறந்தாள். அந்த வெள்ளைப் புடவை இனி இரண்டு வீட்டுக்கு வரும், யாராவது கேட்பார்கள், கேட்டால் எங்கள் கதையும் சேர்ந்து கிழியும் என்று யோசித்திருக்கிறாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்.

"எனக்கு டி.பி.ன்னு சொல்ட்டாங்க. டீச்சரம்மாவோட மாப்ள வூட்டு அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்கல்ல, அவுங்க கால்ல வுழுந்தேன். இங்க வர்றப்ப அப்படியே எனக்கும் மாத்திரை கொண்டாந்து தர்றேன்னாங்க. நல்ல மனுசி."

நான் வரிசையில் மூன்றாவதாக நின்றுகொண்டிருந்தேன். அக்காவுக்குப் பின்னால் நின்றவள் பின்வாங்கினாள். யாரோ, "கடைசியில வந்து புடிச்சிக்கோ" என்றார்கள். அக்கா ஒதுங்கிக் கடைசிக்குப் போனாள். வரிசை நகர்ந்தது. நானும் அதோடு நகர்ந்தேன்.

பிறகு அவள் வீட்டுக்குள் போய், ஏன் இப்படிச் செய்தாய் என்று சண்டை போட்டேன். "எனக்கு ஏற்கனவே கெட்ட பேருதான் கண்ணு. மலடின்றாங்க. அதோட இது ஒண்ணு. ஒனக்கு இனிமேத்தானே எல்லாம்?" என்றாள். ஏதோ தன் பங்குச் சோற்றை எனக்குத் தள்ளி வைப்பதைப் போலச் சொன்னாள்.

ஊதுபத்தி மாவு கொண்டு வரும் ஆள் அந்த வாரமே மாவை நிறுத்தினான். சாமிக்கு ஏற்றும் பத்தியை நோய்க்காரி கையால் உருட்டுவதா என்றானாம். அவள் பலகையைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்தாள். அதோடு முடிந்திருந்தால்கூட ஏதோ ஒரு விதத்தில் தாங்கியிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர் வீட்டம்மாள், கோடி வீட்டம்மாள், இன்னும் ஒருத்தி என்று மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மனசார, ரொம்ப நல்லெண்ணத்தோடு வந்தார்கள்.

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டோம்க்கா. அவங்களைக் காலி பண்ணச் சொல்லிடறேன்னுட்டாரு. மாப்ள வீட்டுக்காரங்க வந்து போற இடம். பக்கத்து வீட்டுலயே டி.பி.ன்னா அவங்க என்ன நினைப்பாங்க? இவ்ளோ தூரம் வந்த சம்பந்தம் கெட்டுடப்போகுது. உங்க பொண்ணுக்காகத்தான் பண்ணோம்."

நான் சமையற்கட்டில் இருந்தேன். என் எதிரே அரிசி டப்பா, அதற்குள் என் மாத்திரைப் பொட்டலம். அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா, "நான் என்னத்தச் சொல்றது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பா அன்றைக்கு முழுவதும் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. இரவு, "போய் உண்மையச் சொல்லுங்க, இல்ல நான் சொல்றேன்" என்றார். அம்மா அழுதாள். அப்பாவும் சொல்லவில்லை.

அந்த வாரம் வந்த ஹெல்த் விசிட்டருக்குக் கோபம் வந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். குரலை உயர்த்தாத கோபம். "நான் சொல்ற ஹாகில்ல, சொல்ல முடியாது மா. ஒரு நோயாளி விஷயம் இன்னொருத்தர்கிட்ட பேசக் கூடாது, அது எங்க ரூல். ஆனா நீங்க சொல்லலாம். எனக்கும் இருந்துச்சு, இதோ பாருங்க, ஒரு வருஷத்துல குணமாயிட்டேன், பக்கத்துல இருக்கறவங்களுக்குப் பயம் இல்லன்னு நீங்க சொல்லலாம். நான் நூறு தடவை சொன்னாலும் நம்பாதவங்க, உங்களைப் பார்த்தா நம்புவாங்க. நீங்க டீச்சர்தானே?"

சொல்கிறேன் என்றேன். நாளைக்கே சொல்கிறேன் என்றேன். அந்த 'நாளைக்கு' வரவேயில்லை.

இதைப் படிக்கிறவர்கள் கவலைப்படவேண்டாம், அவள் சாகவில்லை. ஈஜிபுராவில் தோட்டத்து ஓரமாக ஒரு ஓட்டு வீடு கிடைத்தது அவர்களுக்கு. அந்த அம்மாள் அங்கேயும் குடையைப் பிடித்துக்கொண்டு போனார். மாத்திரையை அவள் ஒரு வேளைகூட விடவில்லை என்றும், சளி சுத்தமாகிவிட்டது என்றும் அவர்தான் எனக்குச் சொன்னார். மெட்ராஸ்காரர்களின் ஆராய்ச்சி எங்கள் இருவர் விஷயத்திலும் சரியாகத்தான் இருந்தது. என் சிகிச்சை முடிந்ததும், மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்று அம்மா குழாயடியில் அறிவித்தாள். எல்லாரும் என்னைத் தேற்றினார்கள். எதிர் வீட்டம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழவே அழுதாள். பக்கத்து வீட்டு டி.பி.யால் கெட்ட கல்யாணம் என்று அதற்கும் அக்கா தலையில்தான் பழி விழுந்தது. பின்னால் எனக்குக் கல்யாணமும் ஆனது, ஹொசூர் பக்கம் போனேன். ஈஜிபுரா ஒன்றும் வெளிநாடு இல்லை. பஸ் இருந்தது. ஒரு தடவை கிளம்பி, பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தேன்.

அவர்கள் காலி செய்த காலையைத்தான் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். அக்காவின் புருஷன் ஜட்காவை வாசலில் நிறுத்தி, ஒரு டிரங்குப் பெட்டியையும் பாயையும் பாத்திர மூட்டையையும் ஏற்றினான். வட்டாராப் பெண்கள் அவரவர் வாசற்படியில் நின்று, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பாவம்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். அக்கா கடைசியாக வெளியே வந்தாள். ஒரு கையில் குடம், ஒரு கையில் பத்தி உருட்டும் பலகை, அதோடு மூச்சு வாங்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். பாதியில் பலகை நழுவியது.

நான் எங்கள் படியை விட்டு இறங்கினேன். பலகையை எடுத்துக் கொடுக்கவேண்டும், அங்கேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிடவேண்டும் என்றுதான் இறங்கினேன். இரவெல்லாம் வார்த்தையைச் சேர்த்து வைத்திருந்தேன். வாயையும் திறந்துவிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்லப்போகிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. முற்றம் முழுக்கக் கேட்கும்படி ஒரு அதட்டல் போட்டாள்.

"கிட்ட வராத கண்ணு! ஒட்டிக்கும்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நின்றேன். அவள் குனிந்து பலகையைத் தானே எடுத்துக்கொண்டாள். ஜட்காவில் ஏறி உட்கார்ந்தாள். குதிரை தெருவில் திரும்பும்வரை நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன். பிறகு குழாயடியில் முறை வந்துவிட்டது என்று அம்மா கூப்பிட்டாள், குடத்தை எடுத்துக்கொண்டு போனேன்.